ஊரான் பென்ஷன்

அமெரிக்காவில் மத்திய அரசில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவரின் பென்ஷனில் மாநில அரசு எந்த அளவுக்குக் கைவைக்கலாம் என்ற சட்டத்துக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. பால்டிமோரில் மத்திய வங்கிக் கிளையின் காசாளராக இருந்த ஜேம்ஸ் மெக்கல்லா. மேரிலாந்து மாநிலம் அந்த வங்கியை மடக்கியது: வெளியிடும் நோட்டுக்கெல்லாம் முத்திரைத்தாள் வாங்கு, இல்லாவிட்டால் ஆண்டுக்கு 15,000 டாலர் வரி கட்டு. முடியாது என்றார் மெக்கல்லா. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1819இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரே போடாகப் போட்டார். வரி போட விட்டால் மாநிலம் வங்கியையே தீர்த்துக்கட்டிவிடும், ஆகவே கூடாது.

வங்கியைத் தீர்த்துக்கட்ட மேரிலாந்து தேவைப்படவில்லை. கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து மெக்கல்லாவே அதை உள்ளிருந்தபடி கவனித்துக்கொண்டிருந்தார். அடமானம் இல்லாமல் தனக்குத்தானே கடன் வழங்கிக்கொண்டதில் கிளைக்கு விழுந்த பள்ளம் பத்து லட்சம் டாலருக்கு மேல். தீர்ப்பு வந்த அதே ஆண்டில் குட்டு உடைந்து வேலை போயிற்று. திருடர் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் மேரிலாந்து நீதிமன்றமே அவரை விடுவித்துவிட்டதால், தாராளமாகக் கடன் வாங்கியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிற்பாடு அதே மாநிலத்தின் சட்டமன்றத்தில் சபாநாயகராகவும் உட்கார்ந்தார்.

வங்கிக்குக் கிடைத்த அருள் அரசு ஊழியரின் சம்பளத்துக்கும் பாய்ந்தது. 1812 போரின்போது ஈரி ஏரியில் கடற்படைக்குக் கப்பல் கட்டிக்கொடுத்த டேனியல் டாபின்ஸ் பின்னாளில் சுங்கக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார். உள்ளூர் கவுண்டி வரி கேட்டது, 1842இல் கோர்ட் அவரைக் காப்பாற்றியது. எதிர்த்திசையிலும் அது பாய்ந்தது: 1871இல் மாசசூசெட்ஸ் மாநில நீதிபதி டே என்பவர், மத்திய அரசுக்குக் கட்டிய 61 டாலர் 50 சென்ட்டைத் திருப்பிக் கொடு என்று வழக்காடி ஜெயித்தார். ஒரு நீதிபதியின் சம்பளத்துக்கு வரி உண்டா என்று நீதிபதிகள் கூடி யோசித்தால் வேறு என்ன பதில் வரும்?

ஏறக்குறைய நூறு வருஷம் நடந்த இந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு 1939இல் பந்தி முடிந்தது. கோர்ட் பழைய தீர்ப்புகளைக் குப்பையில் போட்டது. நாடாளுமன்றமும் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசு ஊழியரின் சம்பளத்துக்கு மாநிலம் தாராளமாக வரி போடலாம். ஆனால் சம்பளம் எந்த அரசின் கஜானாவிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பாரபட்சம் காட்டக்கூடாது.

இந்தக் கடைசி வரியை மிச்சிகன் படிக்கவில்லை. தன் ஓய்வூதியர்களுக்கு வரி விலக்கு, மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு வரி என்று சௌகரியமாக வைத்துக்கொண்டிருந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மிச்சிகன் தன் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, பில்லை ஊரான் பிள்ளையிடம் நீட்டியது. 1979 முதல் 1984 வரை கட்டிப் பார்த்த பால் டேவிஸ் என்ற ஓய்வூதியர், பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

மிச்சிகனின் பதிலைச் சட்டக்கல்லூரியில் நகைச்சுவைப் பாடமாக வைக்கலாம். சட்டம் 'ஊழியர்' என்றுதானே சொல்கிறது? இவர்தான் ஓய்வு பெற்றுவிட்டாரே, எப்படி ஊழியர் ஆவார்? அதோடு எங்கள் பென்ஷன் சொற்பம், இந்தச் சலுகையும் இல்லாவிட்டால் எங்களிடம் யார் வேலைக்கு வருவார்கள்? 1989 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆண்டனி கென்னடி பொறுமையாக விளக்கினார். பென்ஷன் என்பது அன்றைக்கு உழைத்து இன்றைக்கு வாங்கும் கூலி. சொற்பப் பென்ஷன் மேல் இரக்கம் என்றால் தொகையைப் பார், கொடுப்பவன் யார் என்று பார்க்காதே. எட்டுக்கு ஒன்று என்று டேவிஸ் ஜெயித்தார்.

இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு அன்று வயிற்றைக் கலக்கியது. எல்லாரும் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வர்ஜீனியா, 'இனிமேல் பாரபட்சம் காட்ட மாட்டோம், ஆனால் வாங்கினது வாங்கினதுதான்' என்றது. 1993இல் அது செல்லவில்லை. கான்சஸ் ராணுவத்தாரைப் பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்ற கர்னலை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூப்பிடலாம், ஆகவே அவர் வாங்குவது பென்ஷன் அல்ல, குறைந்த வேலைக்கான நடப்புச் சம்பளம் என்றது. சாய்வு நாற்காலியில் குறட்டை விடுவதும் தேசப்பணி என்ற இந்தத் தத்துவம் எனக்குப் பிடித்திருந்தது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் பிடிக்கவில்லை.

ஜார்ஜியாவின் சாமர்த்தியம் தனி ரகம். முதலில் வரியைக் கட்டு, தப்பு என்றால் பிறகு ரீஃபண்ட் கேட்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தது. ராணுவ ஓய்வூதியர் சார்லஸ் ரைக் நம்பிக் கட்டினார். ரீஃபண்ட் கேட்கப் போனால், கட்டுவதற்கு முன்பே அல்லவா வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். தூண்டிலில் புழுவைக் காட்டிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் புழுவையும் பிடுங்குகிறீர்களே என்ற தோரணையில் 1994இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் குட்டினார்.

வட கரோலினா யோக்கியமாக நடக்கப் பார்த்தது, அதற்கே பலமாக அடி வாங்கியது. 1989லேயே பாரபட்சத்தை ஒழித்துவிட்டது. எப்படி? தன் பிள்ளைகளுக்கும் வரி போட்டு! ஆளுக்கு 4,000 டாலர் வரை விலக்கு, மீதிக்கு எல்லாரும் கட்டுங்கள். சொந்தப் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வேலைக்குச் சேரும்போது வரி இல்லை என்றாயே, இது ஒப்பந்த மீறல் என்று 1998இல் மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. வழக்குகளை முடிக்க 79 கோடியே 90 லட்சம் டாலர் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. 1989 ஆகஸ்ட் 12ஆம் தேதிக்குள் ஐந்து வருஷ சர்வீஸ் முடித்தவரின் அரசு பென்ஷனுக்கு அங்கே இன்றும் மாநில வரி கிடையாது. ஒரு மாதம் தள்ளி வேலையில் சேர்ந்தவர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஜாதகம் பார்க்கும் வரித்துறை வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

டேவிஸ் ஜெயித்து முப்பது வருஷம் கழித்து மேற்கு வர்ஜீனியா மாட்டிக்கொண்டது. மாநிலப் போலீஸ்காரர்கள் சிலரின் பென்ஷனுக்கு முழு விலக்கு. மத்திய அரசின் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்ற ஜேம்ஸ் டாசனுக்கு இல்லை. வேலை கிட்டத்தட்ட ஒன்றுதானே என்றார் டாசன். நாங்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, எங்கள் ஆட்களுக்கு நல்லது நினைத்தோம், அதுவும் கொஞ்சம் பேருக்குத்தான் என்றது மாநிலம். கொஞ்சமாகச் செய்தாலும் பாரபட்சம் பாரபட்சமே என்று 2019 பிப்ரவரியில் நீதிபதி நீல் கோர்சச் எழுதினார். ஒன்பது பேரில் ஒருவர்கூட மறுத்து எழுதவில்லை.