சக்கரவர்த்தி தலைக்கு ஒரு ஓட்டை

ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸ் கோயமுத்தூர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அவருடைய தலை மட்டும் வந்தது, நூற்றுக்கணக்கில். 1840களில் வெள்ளலூரில் கிடைத்த ஒரு புதையலில் மட்டும் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள். 1946ல் உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் கிடைத்ததோ ஆயிரத்தைத் தாண்டியது. அகஸ்டஸ், அவருடைய வளர்ப்பு மகன் திபேரியஸ் என்று அப்பனும் மகனுமாகக் கொங்கு மண்ணுக்குள் ஜோடி போட்டுக் கிடந்தார்கள்.

இதில் திபேரியஸுக்குத் துளியும் சம்மதம் கிடையாது. கி.பி. 22ல் செனட் சபைக்கு எழுதிய கடிதத்தில், பொம்பளைகளின் கல்லு மோகத்தால் நம் பணமெல்லாம் அந்நியன் கைக்குப் போகிறதே என்று புலம்பினார். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். அந்த அந்நியரில் நம்மவர்களும் உண்டு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் அதைப் பட்டை தீட்டி மணி கோத்தார்கள். கல் மேற்கே போயிற்று. பதிலுக்குப் புலம்பியவரின் தலையே சரக்குக்கு விலையாக வந்து சேர்ந்தது.

பிளினி என்கிற பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் ரோமானியக் காசை இந்தியா விழுங்குகிறது என்று கணக்கு எழுதியதோடு நிற்காமல், பளிங்குக்குச் சாயம் ஏற்றி அதையே பச்சைக்கல் என்று விற்கிறார்கள் இந்த இந்தியர்கள் என்றும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஊர் பெயரை அவர் சொல்லவில்லை. குசும்பு எந்த ஊர்ச் சொத்து என்பது நமக்குத் தெரியும்.

சரி, வந்த தலைக்கு இங்கே என்ன மரியாதை? ரோமில் திபேரியஸ் காலத்தில், அகஸ்டஸ் முகம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கக்கூஸுக்குக் கொண்டுபோனாலே உயிர் போகும் குற்றமாம். சொல்பவர் சூட்டோனியஸ், வம்பளப்பதில் மன்னன், இருந்தாலும் கேட்க ருசியாக இருக்கிறது. அந்த அகஸ்டஸ் கட்டுக்கட்டாகப் படுத்திருந்த வெள்ளலூரில்தான் இன்று கோவை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. ரோமானியச் சட்டப்படி மாநகராட்சி மொத்தத்துக்கும் தூக்குதான்.

கொடுமணல் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். காசைத் திருப்பிப் பார்க்கிறார். "ஏனுங்க, இந்த மூக்கு நீண்ட தாத்தன் யாருங்க?" "உலகத்தையே ஆள்கிற சக்கரவர்த்தி!" "அது கெடக்குதுங்க, வெள்ளி சுத்தமுங்களா?" இவ்வளவுதான் அரச பக்தி. அதனால்தான் கி.பி. 64ல் நீரோ வெள்ளியில் கலப்படம் செய்ததும் அவன் காசுக்கு இங்கே மவுசு இல்லாமல் போயிற்று. பழைய தாத்தன்களே போதும் என்று விட்டார்கள்.

புதுக்கோட்டைச் சீமையிலோ கையில் உளியே எடுத்துவிட்டார்கள். 1898ல் அங்கே கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் முகத்துக்குக் குறுக்கே ஒரே வெட்டு. செலாவணியிலிருந்து ஒதுக்க வெட்டினார்களா, பொன்னைச் சோதிக்கவா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சோதனை என்றால் ஓரத்தில் சுரண்டினால் போதாதா? மூக்கைப் பார்த்து வெட்டியவருக்கு வேறு ஏதோ கோபம்.

இந்தக் கதையில் ராஜாவிடம் அன்பாக நடந்துகொண்டது குயவர் இனம்தான். தெலங்கானாவின் கொண்டாப்பூரில், திபேரியஸ் காசை அச்சாக வைத்து, களிமண்ணில் அழுத்தி, சூளையில் சுட்டு, மேலே கயிறு கோக்க ஓட்டை விட்டுப் பதக்கம் செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கு வழியில்லாதவர் கழுத்திலும் சக்கரவர்த்தி தொங்கினார். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குயவர் வெட்ஜ்வுட், தம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் முகத்தைப் பீங்கான் பதக்கமாக்கி விற்றபோது சீமையே மெச்சியது. தக்காணத்துக் குயவர் அதைப் பல நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டார், ராயல்டி ஒரு பைசா கொடுக்காமல். திபேரியஸ் தன் முகத்துக்குச் செலவழித்த வெள்ளியில் உருப்படியான பலன் இது ஒன்றுதான் என்பேன்.

ஹைதராபாத்துக்குப் பிரியாணி தின்னப் போகிறவர்கள், சங்காரெட்டி மாவட்டத்துக் கொண்டாப்பூருக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். அகழாய்வு நடந்த இடத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் மாவட்டத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். நகருக்குள் ஐ.டி. கம்பெனிகள் சூழ இன்னொரு கொண்டாப்பூர் உண்டு, அங்கே இறக்கி விட்டுவிடுவார்.