ஆர்ப் 339

எங்கள் வீட்டுக்காரர் கோணல்மாணலான விண்மீன் மண்டலங்களை மட்டுமே படமெடுப்பார். ஒழுங்கானவற்றை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். ஹால்டன் ஆர்ப் என்ற அமெரிக்கர் 1966-இல் இப்படிப்பட்ட 338 பிறழ்வுகளைத் தொகுத்து வெளியிட்டார். அவரிடம் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. இவரிடம் 8 அங்குலமும் ஒரு கொசுவத்திச் சுருளும் இருக்கின்றன. குறையொன்றுமில்லை.

இந்த வாரம் ஆர்ப் 85. அண்டை மண்டலம் ஒன்று பக்கத்தில் வந்து நிற்க, சுழல் கை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக 120 படங்கள். மொத்தம் ஆறு மணி நேரம். பிறகு மூடியைப் போட்டுவிட்டு வெறும் இருட்டை முப்பது முறை எடுத்தார். விடிந்ததும் என் மாமனாரின் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, வெறும் வெளிச்சத்தையும் எடுத்தார். இருட்டும் வெளிச்சமும் கழிந்தால் மிச்சம் இருப்பதுதான் பிரபஞ்சம். எவ்வளவு சிக்கனமான தத்துவம்!

மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியாம். அதற்காக நாலு நாள் கணினி முன் உட்காருவது பெரிதா என்ன? காஸ் புக் பண்ணச் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. அந்தச் செய்தியும் வந்துகொண்டிருக்கும்.

நேற்று படம் தயாராகி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ஊரிலிருந்து அத்தை உடனே பதில் அனுப்பினார்: “ஸ்கேன் ரிப்போர்ட்டா? எத்தனை மாசம்?”

இதுவரை 47 பேர் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.