விட்டவர் இழுக்கும் தம்

ஜனவரி 1 அன்று சிகரெட்டை விட்டவர்களைப் பொங்கலுக்குள் டீக்கடையில் பார்த்துவிடலாம். கடைக்காரர் பக்கம் திரும்பவே மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவரின் விரலிடுக்கையே பார்ப்பார்கள்.

"மாப்ள, ஒரே ஒரு இழுப்பு குடுடா. நான்தான் விட்டாச்சே, வாங்குறதில்ல."

காசு கொடுத்தால் பழக்கம், ஓசி என்றால் நட்பு. இதில் நொடித்துப்போகிறவர், பாவம், விடாத நண்பர்தான்.

2016 முதல் சிகரெட் பெட்டியின் முன், பின் பக்கங்களில் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும். விட்டுவிட்ட நம்மாள் மிரண்டுதான் போனார். அதனால் ஓசி கிடைக்காத நாளில் பெட்டியாக வாங்காமல் சில்லறையாக ஒன்று வாங்குகிறார். படமும், புகையை விட உதவும் இலவச எண்ணும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன.

ஏக்கம் வந்தால் சில நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும் என்கிறார் டாக்டர். அந்தச் சில நிமிஷத்தில்தான் டீ வருகிறது. மருந்துக்கடையில் வாங்கிய 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் இடது கன்னத்தில் பத்திரமாக ஒதுங்கியிருக்க, வலது பக்கமாகப் புகை போகிறது.

'சறுக்கினால் சோர வேண்டாம், பலரும் பலமுறை முயன்றுதான் விடுகிறார்கள்' என்றும் டாக்டர் சொன்னார். அந்த அறிவுரையை மட்டும் நம்மாள் தவறாமல் கடைப்பிடிக்கிறார். அடுத்த முயற்சிக்குத் தேதியும் குறித்தாயிற்று: மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு தினம். அதுவரை இழுப்பது கணக்கில் சேராதாம்.