கணக்குப்பிள்ளையின் டென்மார்க் கனவு

2017 ஜனவரி 25. எந்த நாட்டில் கை எவ்வளவு சுத்தம் என்ற வருடாந்தரப் பட்டியலை டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் வெளியிட்டது. டென்மார்க்கும் நியூசிலாந்தும் முதலிடம், தென்கொரியா 52. அன்று ராத்திரியே கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஆரம்பமானது. நாயகன் கிம் சங்-ரியோங், குன்சான் என்ற துறைமுக ஊரில் ஒரு தாதாவுக்குக் கள்ளக்கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை. தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அவனும் நக்கினான், ரொம்ப நேர்த்தியாக. அவனுடைய லட்சியம் ஒன்றே ஒன்று: வேண்டிய அளவு சுருட்டிக்கொண்டு, ஊழலே இல்லாத டென்மார்க்கில் போய் செட்டில் ஆவது. திருட்டுப் பணத்தைப் பூட்டி வைக்கத் திருடன் இல்லாத ஊர்தானே பத்திரம்!

சோதனையைப் பாருங்கள், அவன் பெட்டி கட்டுவதற்குள் நிஜக் கொரியா அங்கே போய் இறங்கிவிட்டது. அன்றைய அதிபர் பார்க் கியூன்-ஹேயின் உயிர்த்தோழி சோய் சூன்-சில். அவருடைய மகள் குதிரையேற்ற வீராங்கனை. மகளுக்கு சாம்சங் குதிரை வாங்கிக் கொடுத்த விவகாரம்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தலைப்புச் செய்தி. தேடப்பட்டுக்கொண்டிருந்த மகளைப் புத்தாண்டு அன்று போலீஸ் பிடித்த இடம் டென்மார்க்கின் ஆல்போர்க். கதையில் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால், 'கொஞ்சம் ஓவராக இருக்கிறது' என்று தயாரிப்பாளரே அடித்திருப்பார்.

தொடருக்குப் பெயர் 'கிம் குவாஜாங்', வெளிநாட்டில் 'குட் மேனேஜர்'. எழுதியவர் பார்க் ஜே-பம். பின்னாளில் 'வின்சென்சோ'வில் இத்தாலிய மாஃபியா ஆளை வைத்து இதே வித்தையைக் காட்டியவர். கதை நடப்பது டீக்யூ குழுமம் என்ற கற்பனைக் கம்பெனியில். தலைவர் பெயரும் பார்க்தான். உள்குத்து ஒன்றும் தேட வேண்டாம், கொரியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு பார்க் மேல்தான் விழவேண்டும். கம்பெனியின் கள்ளக்கணக்கு வெளியே தெரியப் போகிற நேரம், கணக்குப் பிரிவு மேலாளர் தலையில் பழியைப் போட்டார்கள். அவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வேண்டும். பெரிய பட்டம் தேவையில்லை, கணக்கைத் திருத்தத் தெரிந்தால் போதும், மாட்டினால் ஏனென்று கேட்க நாதி இருக்கக் கூடாது. மாலை மரியாதையோடு அழைத்துவரப்பட்ட ஆடுதான் நம் கிம்.

வந்த இடத்தில் விதி வேறு கணக்குப் போட்டிருந்தது. கம்பெனி வாசலில் பனியில் வழுக்கி விழுந்தான். விழுந்த வேகத்தில், கார் மோத இருந்த ஒரு பெண்மணியைத் தள்ளிவிட்டான். அந்தப் பெண்மணி பழைய மேலாளரின் மனைவி. நியாயம் கேட்டு வாசலில் நின்றவர். மறுநாள் கிம் 'உயிர் காத்த உத்தமன்'! கம்பெனியும் வேறு வழியில்லாமல் கைதட்டியது. உள்ளே நடப்பதை மோப்பம் பிடித்த உத்தமனோ, வேலையிலிருந்து தூக்கிவிடுங்கள் என்று ஆடாத ஆட்டமெல்லாம் ஆடினான். தியாகி பட்டம் கொடுத்த ஆளை எப்படித் தூக்குவது? மேலே இருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

அவனைப் பொறுக்கி எடுத்த மகராசன் நிதி இயக்குநர் சோ யுல், முன்னாள் அரசு வழக்கறிஞர். கொரியாவில் யார் மேல் வழக்குப் போடுவது, யாரை விடுவது என்பது பெரும்பாலும் அந்த வர்க்கத்தின் கையில். அப்பேர்ப்பட்ட அதிகாரத்தை உதறிவிட்டுக் கம்பெனிக்கு வந்த மனிதருக்கு ஓயாத பசி. மிரட்டும்போது மெல்லுகிறார், ஒருவன் குடியைக் கெடுக்கும் உத்தரவைச் சொல்லும்போதும் வாயில் ஏதோ உருள்கிறது. எதிரே நிற்பவன் வியர்த்து வழிய, இவர் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிரிக்கிறார். நடித்தவர் 2பிஎம் பாட்டுக் குழுவின் லீ ஜுன்-ஹோ. பேராசைக்கு இவ்வளவு மலிவான, இவ்வளவு கச்சிதமான அடையாளத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சட்டம் படித்தவர் திருட வந்தார், திருடப் படித்தவன் சட்டம் பேச ஆரம்பித்தான். தொடரின் மொத்த மின்சாரமும் இந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவில்தான்.

கணக்குப் பிரிவில் மற்றவர்களுக்கு நேர்மை இருந்தது, துப்புத்தான் இல்லை. யூன் ஹா-கியுங் நிமிர்ந்து நின்று உள்ளதைச் சொல்கிற பெண். ஆனால் ஓட்டை எங்கே என்று அவளுக்குத் தெரியாது. பிரிவுத் தலைவர் சூ நாம்-ஹோ காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து பழகியவர், நிமிர்வதற்கு நாள் எடுத்தது. அரசு வழக்கறிஞர் அலுவலகம் பயிற்சி ஊழியராக அனுப்பிய உளவாளிப் பெண், 'நான் உளவாளி' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பொய் ரசீதைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்தப் பள்ளிக்கூடத்துத் திருட்டு என்று சொல்ல கிம் ஒருத்தனால்தான் முடிந்தது. பாம்பின் கால் பாம்புக்குத்தானே தெரியும்.

டீக்யூவின் நடைபாதையில் ஒரு மேசை போடுவார்கள். வேண்டாத ஊழியரைச் சுவரைப் பார்த்து அங்கே உட்கார வைப்பார்கள். வேலை கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள், தானாகவே ராஜினாமா எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2016இல் கொரியாவில் ஒரு நிஜக் கம்பெனி, விருப்ப ஓய்வுக்கு மறுத்த ஊழியரை லாக்கர்களைப் பார்த்து உட்கார வைத்து நாறிப்போனது. தொடரில் அந்த மேசைக்கு வந்தவர் ஓ என்ற மூத்த அதிகாரி. அவமானம் தாங்காமல் மொட்டை மாடி விளிம்புக்குப் போய்விட்டார். பின்னாலேயே போன கிம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தான் அடித்த பணத்தையெல்லாம் வரிசையாக ஒப்பித்தான். இவ்வளவு தின்றவனே கூசாமல் இருக்கிறேன், ஊரை விழுங்கியவன் மேல்மாடியில் சுகமாக இருக்கிறான், ஒரு தப்பும் செய்யாத நீங்கள் எதற்குப் போகவேண்டும் என்று கத்தினான். திருடன் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு நல்லவர் இறங்கி வந்தார்.

எதிர்ச் சேனலில் 'ஜுவல் இன் தி பேலஸ்' புகழ் லீ யங்-ஏ நடித்த பிரம்மாண்டமான சரித்திரத் தொடர். அதைக் கணக்குப்பிள்ளை ஓரங்கட்டினான். பாதிப் புண்ணியம் செய்தித்தாள்களுக்குச் சேரும். பிப்ரவரி 16 ராத்திரி எட்டாவது பகுதி ஓடியது. விடிவதற்குள் சாம்சங் வாரிசு லீ ஜே-யோங் கைது. மார்ச் 10இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபரைப் பதவி நீக்கியது. மார்ச் 30 ராத்திரி கடைசிப் பகுதி, 31 அதிகாலையில் பார்க் கியூன்-ஹே சிறைக்குப் போனார். இவ்வளவு பெரிய விளம்பரம் எந்தத் தொடருக்குக் கிடைக்கும்?

தொடர் 20 பகுதிகளில் முடித்ததை நிஜம் வருடக்கணக்கில் இழுத்தது. குதிரையைக் கொடுத்தார்களா, சவாரிக்கு இரவல் விட்டார்களா என்று நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. இரவல்தான் என்று மேல்முறையீட்டில் ஆனதும் 2018இல் வாரிசு வெளியே வந்தார். மூன்று குதிரையுமே லஞ்சம்தான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல் மறுபடி உள்ளே போய், அதே வருடம் பரோலில் வந்தார். 2022இல் சிறப்பு மன்னிப்பு. அப்பா லீ குன்-ஹீயே இரண்டு முறை மன்னிப்பு வாங்கியவர், ஆகவே குடும்பத்துக்கு நடைமுறை அத்துப்படி. பார்க் கியூன்-ஹேயும் 2021 டிசம்பரில் மன்னிப்புப் பெற்றார்.

கிம்முக்கும் சோ யுல்லுக்கும் என்ன கிடைத்தது? கடித்துக் குதறிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கடைசியில் தலைவரைக் கவிழ்க்கக் கைகோத்தார்கள். அந்த வருடக் கடைசியில் கேபிஎஸ் நாடக விருது விழாவில் சிறந்த ஜோடி விருதை வாங்க, கிம்மாக நடித்த நாம்கூங் மின்னும் லீ ஜுன்-ஹோவும் மேடை ஏறினார்கள். தொடரில் ஒரு நாயகி இருந்தாள் என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.