லேப்டாப் சூடும் பாலைத் திணையும்: ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

நேற்றுவரை சமர்த்தாக இருந்த லேப்டாப், அப்டேட் முடிந்து எழுந்ததும் கொதிப்பது ஏன் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். “எல்லாம் அந்த அப்டேட்டால வந்த வினை” என்ற ஒற்றைவரி உரையே வீடுதோறும் வழங்கிவருகிறது. அவ்வுரையை மறுப்பது கிளை நோக்கம்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். லேப்டாப்பின் நிலம் மூவகைப்படும்: மேசை, மடி, மெத்தை. பல லேப்டாப்புகள் அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுக்கின்றன. மெத்தை அவற்றை அடைத்துவிடும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் சொல்வதற்கு மெத்தையே தக்க சான்று. பாலைக்குரிய பொழுது வேனிலும் நண்பகலும். அப்டேட்டுக்குப் பிந்திய சில மணி நேரத்தையும் உடன்சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

கருப்பொருள்

பாலையின் மக்கள் எயினர், தொழில் சூறையாடல். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியூ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அவர்களை வரிசையாகக் காணலாம். விண்டோஸில் சர்ச் இண்டெக்ஸர் கோப்புகளுக்கு மறுபடி அட்டவணை போடும். டாட்நெட் தன் நிரல்களைப் புதிதாகத் தொகுக்கும். மேக்கில் அட்டவணை வேலை ஸ்பாட்லைட்டுடையது. ஆல்பத்தில் உள்ள முகங்களை அடையாளம் காணும் வேலை போட்டோஸுடையது. இவர்கள் கொள்ளையிடும் பொருள் பிராசசரின் நேரம். பறை, ஃபேன் சத்தம்.

மேக்கில் கெர்னல் டாஸ்க் முதலிடத்தில் நின்றால் அதைக் கள்வனாகக் கொள்வது பிழை. பிற நிரல்களுக்குப் பிராசசர் எளிதில் கிடைக்காதபடி செய்து சூட்டைத் தணிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. ஆகவே அது காவலன் எனக் கொள்க. பல இன்டெல் பிராசசர்களும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

உரிப்பொருள்

பாலைக்குரியது பிரிதல். தீர்வோ முல்லைக்குரிய இருத்தல்: சார்ஜரைச் செருகி, மேசைமேல் வைத்து, ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைத்துவிட்டு, ஓரிரவு பொறுத்திருத்தல். பொறாது பவர் பட்டனை அழுத்தி அணைப்போர் உளர். அரைகுறையாக நின்ற வேலை, மறுமுறை திறக்கும்போது மீண்டும் கிளம்பும். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் உரைகாரரும் உளர். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூக்கும் ஆதலின் அக்கூற்று கொள்ளற்பாலதன்று.

புறனடை

இரண்டு நாளாகியும் சூடு தணியாவிடில், தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவரும் பயாஸும் உளவா எனப் பார்க்க. அவற்றாலும் தீராவிடில், ஃபேனில் படிந்த தூசியை ஐயுறுக. அது அப்டேட்டுக்கு வெகுமுன்பே அங்குக் குடியேறிய தொல்குடி. சர்வீஸ் கடையில் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றித் தருவார்கள்.

ஆய்வு முடிவு

அப்டேட் அன்று வரும் சூடு வேலை செய்வதால் வரும் சூடு; பொறுத்தால் போகும். போகாத சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் டிரைவர் அல்லது தூசி. இரண்டில் எதுவாயினும், முதலில் லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுங்கள்.