துறைத்தலைவர் (பொறுப்பு)

பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் துறையின் தலைவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைத் தேட வேண்டியதில்லை. துறையில் நடக்கும் எந்தச் சேதியும் யாருக்குக் கடைசியாகத் தெரியவருகிறதோ, அவர்தான் தலைவர். ஆய்வு மாணவிக்குக் கல்யாணம் நிச்சயமானது கேன்டீன்காரருக்குத் தெரியும். செமினார் ஹால் புரொஜெக்டர் படுத்து மூன்று வாரமானது வாட்ச்மேனுக்குத் தெரியும். தலைவருக்கு மட்டும் தெரியாது. இதை அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே அனுப்ப வேண்டிய தகவல் அவ்வளவு இருக்கும்போது, கீழே நடப்பதைக் கேட்க மனிதருக்கு ஏது நேரம்? பிற்பகல் 3.40க்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சர்குலர் வரும். ஐந்தாண்டுகளில் துறை நடத்திய கருத்தரங்குகள், வந்தவர்கள் எண்ணிக்கை, ஜியோடேக் செய்த புகைப்படங்கள், எல்லாம் மாலை 4 மணிக்குள் வேண்டும். தலைவர் அதன் தலையில் ‘மிக அவசரம்’ என்று எழுதி வாட்ஸப் குழுவில் போடுவார். இணைப் பேராசிரியர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கௌரவ விரிவுரையாளருக்குத் தள்ளுவார். அவர் ஸ்காலருக்குத் தள்ளுவார். அரை நாள் லீவு போட்டு ஊருக்குக் கிளம்பிய ஸ்காலர் அந்நேரம் பஸ்ஸில் பல்லடத்தைத் தாண்டிக்கொண்டிருப்பார். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எக்செல் கட்டங்களை நிரப்பி, பொங்கலூர் ஸ்டாப் வருவதற்குள் அனுப்பிவிடுவார். வந்த வழியே அது திரும்பி, 3.58க்குத் தலைவரின் கையால் திறக்கப்படாமலேயே மேலே போய்ச் சேரும். பதினெட்டு நிமிடத்தில் இத்தனை கை மாறிய ஒரு தகவலை ஒருவர்கூடப் படிக்கவில்லை. இதைத் தகவல் அறிவியல் துறையைத் தவிர வேறு யார் சாதிக்க முடியும்?

அவருடைய அறையையும் பார்த்துவிடலாம். கண்ணாடி பீரோவின் அடித்தட்டில் பொன்னாடைகள், மடிப்புக் கலையாமல். நடுத்தட்டில் மொமண்டோக்கள், அவற்றில் மூன்று ஒரே அச்சில் வார்த்தவை, ஏனென்றால் மூன்று கல்லூரிகளும் ஒரே கடையில் ஆர்டர் கொடுத்திருக்கின்றன. மேல்தட்டில் அவரே பதிப்பித்த கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு, கட்டுப் பிரிக்காமல். திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்குக்கு இவர் சிறப்பு விருந்தினர். அந்தக் கல்லூரிக்காரர் இவருடைய கருத்தரங்குக்குச் சிறப்பு விருந்தினர். இரண்டு மேடையிலும் ‘இது தகவல் யுகம்’ என்ற உண்மை வெளியாகும். டீயும் சமோசாவும் வரும். பங்கேற்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப்போட்டுத் தலைவருக்கு மணிக்கட்டு வலிக்கும். அதோடு அவருடைய பதவிக்குப் பின்னால் ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வால் இருக்கும். அதற்காக அவரை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. பொங்கலூர் மாணவர்கள் படிக்கப் போகும் பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபருக்குப் பிறகு துணைவேந்தர் நாற்காலியே ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்து, பொறுப்புக் குழுதான் நிர்வாகத்தை நடத்தியது. 2023 ஆகஸ்டிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே கதி. உச்சியிலேயே பொறுப்பு என்றால் அடிவாரத்தில் வேறென்ன இருக்கும்?

இந்தத் தலைவர் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. காலை ஒன்பதரைக்கு பயோமெட்ரிக்கில் விரல் வைத்தால் இருட்டும்வரை உழைக்கிறவர். ஆள் எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, அது சிண்டிகேட்டுக்கு. செலவு செய்யும் அதிகாரம் இல்லை, அது நிதி அலுவலருக்கு. நாற்காலி உடைந்தால் நோட் போட வேண்டும். அந்த நோட் மூன்று செக்‌ஷன் பார்த்துத் திரும்பும்போது நாற்காலியில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். கையில் மிச்சம் இருப்பது தகவல் சேகரிப்பது ஒன்றுதான். ஆகவே அவர் தகவல் சேகரிக்கிறார். தகவலை யாருக்கு, எப்படி, எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பாடம் நடத்துகிற ஒருவருக்கு, வாசகர் என்று மிஞ்சியிருப்பது மதிப்பீட்டுக் குழு மட்டும்தான். என் சிரிப்பெல்லாம் இந்த ஒரு முரணைப் பார்த்துத்தான்.

இப்படி எல்லாவற்றையும் எண்ணிக் கேட்பதை எண்ணிக்கையின் ஆட்சி என்று மற்றத் துறைத்தலைவர்கள் புலம்பலாம். இவர் புலம்ப முடியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளை பிறந்ததே இவர் வீட்டில்தான். சீர்காழிக்காரரான சீ. இரா. அரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். கணக்குக்காரர் நூலகத்துக்குள் நுழைந்தால் எண்ணாமல் இருப்பாரா? நூலகப் பணியை அளப்பதற்கென்று ஒரு தனி அளவியல் வேண்டும் என்று 1948இலேயே இங்கிலாந்தில் பேசியவர் அவர். அமெரிக்காவில் மெல்வில் டூயி 1887இல் கொலம்பியாவில் தொடங்கிய நூலகப் பள்ளியில் 1954இல் பட்டம் வாங்கியவர் யூஜின் கார்ஃபீல்ட். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கை 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாகக் கொண்டுவந்தவர் அவர்தான். இதழ்களை எடைபோட அவர் ஏற்படுத்திய அளவுகோலை வைத்துத்தான் இன்று பேராசிரியர்களை எடைபோடுகிறார்கள். உலகத்துக்கெல்லாம் எண்ணக் கற்றுக்கொடுத்த கொலம்பியா நூலகப் பள்ளியைப் பல்கலைக்கழகம் 1992இல் இழுத்து மூடியது என்பது, நம் தலைவர்கள் கருத்தரங்குகளில் அவ்வளவாகச் சொல்லாத செய்தி. தப்பிப் பிழைத்த பள்ளிகள் பலகையை மாற்றிக்கொண்டன. 1996இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பள்ளி ‘தகவல் பள்ளி’ ஆனது. இப்படிப்பட்ட பள்ளிகள் 2005இல் ஒரு கூட்டமைப்பும் வைத்துக்கொண்டன. அங்கே தலைவராக இருப்பவர் பணம் திரட்டுகிறார், ஆள் எடுக்கிறார், புதுப் படிப்பு தொடங்குகிறார். தோற்றால் வீட்டுக்குப் போகிறார். நம் ஊரில் பலகையை மட்டும் மாற்றினோம். ‘நூலக அறிவியல்’ என்பதோடு ‘தகவல்’ சேர்ந்தது. நாற்காலி நோட் பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

பொங்கலூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்குக் காட்டும் வேலையை விளக்கப் பனியன் கம்பெனி ஆடிட்டைச் சொன்னால் போதும். வெளிநாட்டு பையர் ஆள் அனுப்புகிறான் என்றால் முதல்நாளே முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும், தீயணைப்பான் சீட்டில் புதுத் தேதி ஏறும், ஓவர்லாக் டெய்லர் மூக்கில் மாஸ்க் ஏறும். ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிவைக்கும் ரிஜிஸ்டரில் உடையாத ஊசிகூட உடைந்ததாக ஒட்டப்படும். உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருகைக்கு முந்தைய இரவு பல்கலைக்கழகத்துக்குள் போய்ப் பார்த்தால் பொங்கலூர்க்காரருக்கு ஊர் நினைப்பே வராது. எல்லாம் பழகின காட்சி. நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் ‘ஆளுகை, தலைமை, மேலாண்மை’ என்பது ஆறாவது. பல்கலைக்கழகங்களுக்கு அதற்கு ஆயிரத்தில் 100 மதிப்பெண். அதாவது தலைமைப் பண்பு இருக்கிறதா என்பதற்கும் ஃபைல் போட்டாக வேண்டும். தலைவர் தலைமை தாங்கியதற்கு ஆதாரமாக, அவர் தலைமை தாங்கும் புகைப்படம் வைக்கப்படும். ஏழாவதில் இரண்டு ‘சிறந்த நடைமுறைகள்’ எழுத வேண்டும். மரக்கன்று நட்டது ஒன்று, இன்னொன்றும் ஏறக்குறைய மரக்கன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம். ஆடிட் முடிந்த மறுநாள் கம்பெனியில் சரக்கு கன்டெய்னரில் ஏற வேண்டும். தையல் பிரிந்தால் பையர் திருப்பி அனுப்புவான், துணியின் ஜிஎஸ்எம் எடை குறைந்தால் பில்லில் கழிப்பான். ரிஜிஸ்டர் பொய்யாக இருந்தாலும் சட்டை மெய்யாக இருந்தே ஆக வேண்டும். நம் துறையிலோ ரிஜிஸ்டரேதான் சரக்கு.

இதற்கு மறுப்பு வரும், அதிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் படிவங்கள் வருவதற்கு முன் துறைகள் சொர்க்கமாகவா இருந்தன? இல்லை. முன்பெல்லாம் முனைவர் பட்ட ஆய்வேடு வைவா முடிந்ததும் அலமாரியில் போய்ச் சமாதியாகும். எதை எங்கிருந்து எடுத்து எழுதினார்கள் என்பது கரையானுக்குத்தான் தெரியும். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆய்வேடுகளை மின்வடிவில் தரச் சொல்லி விதி போட்டது. அவை இன்ஃபிலிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறின. இன்று பொங்கலூரில் செல்போன் வைத்திருக்கும் யாரும் எந்தத் துறையின் ஆய்வேட்டையும் திறந்து பார்க்கலாம். மேலிருந்து வந்த கட்டாயத்தால் விளைந்த நல்ல காரியம் அது. நம் தலைவர்களைக் கேட்டு நடத்தியிருந்தால் இன்னும் கமிட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆக, கணக்குக் கேட்பது தப்பில்லை. கேட்கிறவர்களும் ஒரு நிலையில் நிற்பதில்லை என்பதுதான் வம்பு. தரமான இதழ்களின் பட்டியல் என்று 2018இல் யுஜிசி ‘கேர்’ ஏற்பாட்டை அறிவித்தது. ஒவ்வொரு கட்டுரையையும் அதில் சரிபார்க்கத் தலைவர் ஸ்காலர்களை உட்காரவைத்தார். 2025 பிப்ரவரியில் பட்டியலையே கைவிடுவதாக யுஜிசி அறிவித்துவிட்டது. தலைவர் அசரவில்லை. புதுப் படிவம் வரும்வரை பழைய படிவத்தை நிரப்பச் சொன்னார்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. அதிகாரமே இல்லாதவரைப் பார்த்துத் தலைமை எங்கே என்று கேட்பது அநியாயமில்லையா? இதை முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. யாரும் பிடுங்க நினைக்காத இரண்டு அதிகாரங்கள் அவர் கையிலேயே இருக்கின்றன. பாடத்திட்டக் குழுவில் அவர் சொல்தான் எடுபடும். ஆய்வுத் தலைப்பை முடிவு செய்வதும் அவரும் அவர் சகாக்களும்தான். இந்த இரண்டையும் கொண்டு ஒரு துறையையே திருப்பிவிடலாம். மேலிடத்து அதிகாரத்துக்குக் காத்திராமல் செய்து காட்டியவர்களும் உண்டு. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே அது நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது பிறகுதான். அரங்கநாதன் நூலக விதிகள் ஐந்தை வெளியிட்ட அதே 1931இல், மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அந்த விதிகளில் நான்காவது. இதையெல்லாம் முதல் பருவத்தில் ஐந்து மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறார்கள். அரங்கநாதன் தன் சேமிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து மனைவி சாரதா பெயரில் பேராசிரியர் பதவி ஏற்படுத்தியதும் அதே பாடத்தில் வரும். அதற்காக நம் தலைவரும் கைக்காசைப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தலைப்பையாவது யோசித்துக் கொடுக்கலாம்.

தலைப்புக்குப் பஞ்சமும் கிடையாது. பொங்கலூர் வட்டாரத்தைப் போலத் தகவலுக்குத் தவம் கிடக்கும் இடம் குறைவு. கறிக்கோழிப் பண்ணை விலையைப் பல்லடத்துக் கமிட்டி நாள்தோறும் அறிவிக்கிறது. ஒரே ஒரு எண், அதைக் கேட்டுப் பண்ணைக்காரர், வியாபாரி, கடைக்காரர் எல்லோரும் அன்றைய பொழுதை முடிவு செய்கிறார்கள். மில்கள் நூல் விலையை ஏற்றினவா இறக்கினவா என்று மாதம் பிறந்ததும் நிட்டிங்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் எந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் என்பது தென்னை வைத்திருப்பவருக்கு வாழ்வா சாவா. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பிள்ளைகள், கம்பெனி மாறும்போது பி.எஃப். கணக்கு என்னாகும் என்று யாரைக் கேட்பார்கள்? கேட்டால் சொல்கிறவர் எவ்வளவு கமிஷன் வாங்குகிறார்? இதே ஊர்க்காரர்கள் வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் கட்டுகிறார்கள். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. இதழ் வாங்கக் காசில்லை என்ற பழைய சாக்கும் போயிற்று. இனி வேண்டியது, இவற்றில் எதைக் கேட்கலாம் என்று தெரிந்த ஒரு ஆள். ஆனால் ஷோத்கங்காவில் இந்தத் துறையின் ஆய்வேடுகளைப் புரட்டினால், இன்ன நோய் பற்றி உலகில் எத்தனை கட்டுரைகள், இன்ன உலோகம் பற்றி எந்த நாடு முதலிடம் என்று அறிவியல் அளவியல் ஆய்வுகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஊரைவிட்டு நகராமல், ஒரு மனிதரையும் பார்க்காமல், மூன்றாண்டில் முடித்துவிடக்கூடிய தலைப்புகள் என்பது அவற்றின் தனிச்சிறப்பு.

பொங்கலூரிலிருந்து ஒரு ஸ்காலர் தைரியமாகப் போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. “கோழிப் பண்ணைக்காரங்களுக்கு விலைத் தகவல் எப்படிப் போய்ச் சேருதுன்னு பார்க்கலாம்னு இருக்கேனுங்க சார்.” தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபப்பட மாட்டார், அவர் யார்மீதும் கோபப்படுகிறவர் அல்ல. “நல்ல தலைப்புதாம்மா. டேட்டா எங்கேருந்து எடுப்ப?” “பொங்கலூர்லதானுங்க சார். வீட்டுக்குப் பக்கத்துலயே பத்துப் பண்ணை இருக்குதுங்க.” “அதெல்லாம் இருக்கட்டும். ஸ்கோபஸ்ல எத்தனை ரெக்கார்டு வருது, பாத்தியா?” அவள் பார்த்திருக்க மாட்டாள். அவரே கணினியைத் திருப்பி, அந்த ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பார். பல்லாயிரக்கணக்கில் வந்து கொட்டும். தலைவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வரும். அடுத்த மாதம் தலைப்பு பதிவாகிவிடும்: ‘கறிக்கோழி குறித்த உலகளாவிய ஆய்விலக்கியம் 1999–2023: ஓர் அறிவியல் அளவியல் பகுப்பாய்வு’.