படத்துல ஒரு ஊடு, பத்திரத்துல ஒரு ஊடு

வா மருமவனே, திண்ணையில உக்காரு. உங்க தாத்தா கட்டுன ஓட்டு ஊட்ட விக்கப் போறியாமே? நாளைக்கு அதைப் படம் புடிக்க சேலத்துலேருந்து போட்டோக்காரரு வர்றாராமே? உன் கல்யாணத்துக்குக்கூட வெளியூரு ஆளு வரல. சோறு தண்ணி இல்லாம நின்னு வெள்ளையடிக்கிறியாம். இந்தத் தெம்பு அப்பவே இருந்திருந்தா, மழைக்கு மழை ஒழுகுற மூலையில உங்கம்மா குண்டான் வச்சுருக்க வேணாம்.

சரி, விக்கிறதுன்னு ஆயிடுச்சு. பாங்கா வித்துடு. மாமனுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கேளு.

நம்ம ஊடு கெழக்கு பாத்தது. வாசல்ல வெயில் வுழுறதே காலையிலதான். போட்டோக்காரரு பஸ்ஸ புடிச்சு, உளுந்தூர்ப்பேட்ட ரோட்டுல டீ குடிச்சுட்டு உச்சி வெயில்ல வந்து நின்னாருன்னா, முத்தம் பளீர்னு வெளுத்துக் கெடக்கும், தாவாரம் இருட்டாயிடும். அதனால இன்னிக்கு ராத்திரியே வரச்சொல்லு, கோழி அடிச்சுப் போடு. கோழிக்கு ஆவுற செலவு வெலையில வந்துடும்.

உள்ள எல்லா லைட்டையும் போடு, ஃபேன நிறுத்து. சுத்துற ஃபேன் படத்துல கலங்கலா வுழும். கேஸ் சிலிண்டரு, பிளாஸ்டிக் கொடம், மல்லாட்ட மூட்ட, கொடியில தொங்குற லுங்கி எல்லாத்தையும் பின்னால தள்ளு. அந்த லுங்கிய வாங்குறவன் பாத்தான்னா ஊட்டோட சேத்து வெலை கேப்பான். ஆனா ஒண்ணு, வாசக்கால மட்டும் மறைக்காத. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கெடச்சிருக்கு. உங்க தாத்தா நெலவுல கொத்த வச்ச கொடிக்கருக்கு மேல நீ பிளாஸ்டிக் தோரணம் தொங்க வுட்டுருக்க. அதைப் புடுங்கிப் போட்டுட்டு, ஈரத் துணியால தொடச்சு, கொஞ்சம் எண்ணெ தடவி வையி. அந்த ஊட்டுல பொய் சொல்லாம படத்துல அழகா வுழுறது அது ஒண்ணுதான்.

அப்புறம் அவரு பதினாறுன்னு நம்பரு போட்ட லென்ச மாட்டுவாரு. மூலையில முதுக ஒட்டிக்கிட்டு, கேமராவ நெஞ்சு ஒயரத்துல ஸ்டாண்டுல நிறுத்தி எடுப்பாரு. எட்டுக்குப் பத்து ரூம்பு கல்யாண மண்டபமாயிடும். ஆனா அந்த லென்சுக்கு ஒரு கெட்ட புத்தி இருக்கு. ஓரத்துல எது இருந்தாலும் இழுத்து நீட்டிடும். ஓரத்துல நாற்காலிய போட்டு வச்சீன்னா காலு கோணி, சூட்சுமம் வெளிய வந்துடும். அதனால ஓரத்துல ஒண்ணும் வைக்காத. வாங்குறவன் டேப்ப எடுத்துக்கிட்டு வர்ற அன்னிக்கு என்னா பண்ணுவேன்னு மட்டும் என்கிட்ட கேக்காத.

ஊட்டுக்குள்ள அகலமா காட்டுற லென்சு. மாடிப்படி ஏறினா வேற லென்சு, இருநூறு நம்பரு. எட்ட இருக்கிறதைக் கிட்ட இழுத்து வைக்கும். கச்சிராயபாளையம் தாண்டுனாத்தான் அடிவாரம். ஆனா படத்துல கல்வராயன் மலை உங்க தண்ணித் தொட்டிக்குப் பின்னால வந்து நிக்கும். அதுவும் போதாதுன்னு, 'பக்கத்துலயே அருவி'ன்னு மேகம் அருவி படத்தைச் சேக்கப் போறியாம். மருமவனே, 1976 வரைக்கும் அந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன்னு மூணு ஜாகீரா இருந்துது. ஜாகீர்தாரே அருவியப் படம் புடிச்சு விக்கல, நீ விக்கிற.

அடிவாரத்துல மனை போடுறானே உன் கூட்டாளி, அவன்கிட்ட சொல்லி வையி. ஐநூறு சதுர மீட்டருக்கு மேல மனை போட்டு விக்கிறதுன்னா, 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துல பதிவு பண்ணி நம்பரு வாங்காம வெளம்பரமே போடக்கூடாது. வெளம்பரத்துல இல்லாத அருவியக் காட்டி, அதை நம்பி ஒருத்தன் பணம் கட்டி நட்டப்பட்டா, பன்னெண்டாம் பிரிவுல வட்டியோட திருப்பிக் குடுக்கணும். பழைய ஊட்ட விக்கிற உனக்கு அது வராது. ரொம்ப சிரிக்காத. உனக்கு 1882-ல வெள்ளைக்காரன் போட்ட சொத்து மாற்றுச் சட்டம் இருக்கு, 55ஆம் பிரிவு. சாதாரணமா பாத்தா கண்ணுக்குத் தெரியாத பழுது ஒனக்குத் தெரிஞ்சிருந்தா, வாங்குறவனுக்குச் சொல்லியே ஆவணும், சொல்லலேன்னா மோசடி. எல்லாக் காலண்டரையும் எடுக்கச் சொன்னா, சமையக்கட்டு செவுத்துல இருக்கிறதை மட்டும் எடுக்க மாட்டேங்கிறியே, அதுக்குப் பின்னால என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?

இதெல்லாம் சின்ன விசயம். பெரிய கூத்து பத்திர ஆபீசுல இருக்கு. வெலை படிஞ்சதும் வாங்குறவன் உன் காதுல வந்து சொல்லுவான்: "பத்திரத்துல காலி மனைன்னு போட்டுக்கலாம், கட்டடத்துக்குச் செலவு மிச்சம்." நூத்துக்கு ஒம்பது ரூவா போவுது பாரு, முத்திரத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேத்து. அதுக்குத்தான் பதிவுத்துறை 2023 அக்டோபர் 1-லேருந்து, காலி மனைய பதிவு பண்ணுறவன் அந்த எடத்தைப் படம் எடுத்து, அட்சரேக தீர்க்கரேகயோட பத்திரத்துல சேக்கணும்னு வச்சுட்டாங்க. ஆக நீ அதே போட்டோக்காரர மறுபடியும் கூப்புடணும். போன வாரம் எட்டுக்குப் பத்த மண்டபமா ஆக்குனவரு, இந்த வாரம் ஊட்டுக்கு முதுக காட்டி நின்னு வெறும் கொல்லைய மட்டும் எடுக்கணும். வித்தைக்காரன்தான்.

ஆனா யோசிச்சுப் பாத்தியா? அந்த ரேகைய போன்ல தட்டுனா மேலேருந்து உன் செவப்பு ஓடு தெரியும். அது போவட்டும். நீயே நெட்டுல ஏத்தி வச்சிருக்கியே, 'தேக்கு வாசக்கால், மூணு ரூம்பு, மலை பாத்த மாடி'ன்னு? அதைவிட சாட்சி எவனுக்கு வேணும்?

சந்தைக்குக் கொண்டு போற மாட்ட கொம்பு சீவி, தண்ணி காட்டி வயித்த நெறச்சுத்தான் ஓட்டிக்கிட்டுப் போவோம். அதுல தப்பில்ல, எல்லாரும் பண்றதுதான். அதுக்காக வாங்குறவன் பல்லப் புடிச்சுப் பாக்கையில வாய இறுக்கி மூடிக்கிட்டு நிக்க முடியாது. அதனால நாளைக்கு ஆசைதீரப் படம் புடி, முன்பணம் வாங்குறதுக்கு முன்னால சமையக்கட்டு காலண்டர நீயே கழட்டிக் காட்டிடு. கெணறு சித்திரையில வத்திப் போவும்னும் சொல்லிடு. ரெண்டுக்கும் சேத்து வெலையக் கொறைப்பான், கொறச்சுக்கோ. பத்திரத்துல ஊட்ட ஊடுன்னே எழுது.